எழுபது கிலோ

முதல்வர் அந்த சார்ட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "படிச்சுப் பாரு. கத்தாதே," என்றார்.

நான் கத்துவேன் என்று அவருக்குத் தெரியும். இருவரும் ஒரே வருஷம் இதே மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். இன்று அவர் முதல்வர். நான் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு மருந்தும் சலைனும் பிழையில்லாமல் எழுதச் சொல்லிக்கொடுப்பவள். பதினோரு வருஷமாக இதே வேலை. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டு உயிரை எடுப்பதால் எனக்குச் 'சொட்டு மேடம்' என்று பெயர். என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டுமே, சொட்டை மறக்காமல் இருந்தால் போதும்.

சார்ட் பெண்கள் அறுவை வார்டினுடையது. குடல் அடைப்புக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தையல்காரி, நாற்பத்தொரு வயது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்திருக்கிறது. ஐந்தாம் நாள் கண் மஞ்சளானது. ஏழாம் நாள் ஈரல் செயலிழந்து செத்துப்போனாள்.

"என்ன மருந்து போச்சு?" என்றேன்.

"வலிக்கு பாராசிட்டமால். நரம்புல. ஆறு மணி நேரத்துக்கொரு தரம் ஒரு கிராம்."

காய்ச்சலுக்கு வீட்டிலேயே போட்டுக்கொள்கிறோமே, அதே மருந்துதான். ஊரில் யாரும் அதை மருந்தாகவே மதிப்பதில்லை. ஆனால் ஆள் ஐம்பது கிலோவுக்குக் கீழே இருந்து, நரம்பு வழியாகக் கொடுத்தால், எடைக்குத் தக்கபடி குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஈரலைத் தின்றுவிடும். அதுவும் வாரக்கணக்கில் சாப்பிடாமல் கிடந்த உடம்பென்றால் கேட்கவே வேண்டாம்.

கையெழுத்தைப் பார்த்ததும் எழுதியது யாரென்று தெரிந்துவிட்டது. என் வகுப்பில் அவளைக் கணக்குப்புலி என்று கூப்பிடுவேன். போன வருஷம் என் தேர்வில் ஐம்பதுக்கு ஐம்பது எடுத்த ஒரே ஆள், இப்போது இங்கே பயிற்சி டாக்டர். புள்ளி வைக்கிற இடத்தில் புள்ளி, மருந்தின் பெயர் முழுசாக, அளவுக்குப் பக்கத்தில் அலகு, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது. அழகான சார்ட். மேலே எடை என்ற கட்டத்தில் 70 என்று எழுதியிருந்தாள்.

"அந்தம்மா நிஜத்துல எவ்வளவு இருந்தா?"

"போஸ்ட்மார்ட்டத்துல முப்பத்துநாலு," என்றார் முதல்வர். "மருந்தகத்துல அளவைச் சரி பார்த்திருக்காங்க. எழுபது கிலோவுக்கு ஒரு கிராம் சரிதான்னு விட்டுட்டாங்க. சலைனும் எழுபது கிலோவுக்குத்தான் ஏறியிருக்கு. காலெல்லாம் வீங்கிப் போச்சு. எடையைப் பார்க்க மறந்துட்டேன்னு கட்டத்தைக் காலியா விட்டிருந்தா, ஆறு மாசம் சஸ்பெண்ட் பண்ணிட்டு விட்டுடலாம். இவ பார்க்காமலே ஒரு நம்பரை எழுதியிருக்கா. பொய்ப் பதிவு. பொய்ப் பதிவுன்னு முடிவாச்சுன்னா டாக்டர் லிஸ்ட்லருந்து பேரையே எடுத்துடுவாங்க. வியாழக்கிழமை விசாரணை. நீ சாட்சி."

நான் கத்தவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

எழுபது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்னுடைய எழுபது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் வகுப்புக்காகப் பயிற்சித் தாள் ஒன்று தயாரித்தேன். வார்டில் இருக்கிற சார்ட் மாதிரியே கட்டம் கட்டமாக இருக்கும். நூற்றைம்பது பிள்ளைகள், வாரம் ஒரு தாள். ஒவ்வொருவனும் ஒவ்வொரு எடை போட்டுக் கணக்குச் செய்தால் திருத்துகிறவள் கதி என்ன? அதனால் எடைக் கட்டத்தில் நானே 70 என்று அச்சடித்துவிட்டேன். எல்லாருக்கும் ஒரே எடை, எல்லாருக்கும் ஒரே விடை. ஒரு பார்வையில் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். என் சௌகரியத்துக்காகச் செய்தது, வேறொன்றுமில்லை. தாள்களை அன்றன்றைக்கே திருப்பி வாங்கிப் பூட்டிவிடுவேன், அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் கையில் விடை போய்விடக் கூடாதே என்று.

அந்தப் பெண் ஒரு வருஷத்தில் நாற்பது தாள் எழுதியிருப்பாள். நாற்பது தடவை அந்தக் கட்டத்தில் எழுபதைப் பார்த்தவளுக்கு, ஒரு தடவைகூட அதை நிரப்ப வேண்டிய வேலை வந்ததில்லை.

முதல்வர் அறையிலிருந்து நேராகப் பழைய ஆவணங்கள் வைக்கும் அறைக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா, "என்ன மேடம், இந்தப் பக்கம்? வழி தவறிட்டீங்களா?" என்று சிரித்தார். மூன்று வார்டுகளின் சார்ட்டுகளைக் கேட்டு வாங்கி, தூசியில் தும்மிக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அறுபது சார்ட். இருபத்திரண்டில் எடைக் கட்டம் காலி. பத்தொன்பதில் உண்மையான எடை, ஐம்பத்துமூன்று, நாற்பத்தெட்டு, எண்பத்தொன்று என்று. மீதிப் பத்தொன்பதில் எழுபது.

அடேயப்பா, பத்தொன்பது பேரும் எழுபது கிலோவா? இரண்டு காலையும் எடுத்த ஒரு ஆள் எழுபது கிலோ. எண்பத்தாறு வயசுப் பாட்டி ஒருத்தி எழுபது கிலோ. அவர்களில் பலர் பிழைத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். உடம்பு எவ்வளவோ பொறுத்துக்கொள்கிறது. சிலர் போகவில்லை. அவர்கள் எதனால் போகவில்லை என்று பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கட்டுகளைக் கட்டி மறுபடி குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே கம்ப்யூட்டரில் அந்தத் தாளைத் திறந்து, எழுபதை அழித்து, கட்டத்தைக் காலியாக்கி, இருநூறு பிரதி அச்செடுத்து என் மேசையில் அடுக்கினேன். பழைய தாள்களையெல்லாம் நறுக்குகிற இயந்திரத்தில் போட்டேன். இனி ஒரு பிள்ளைகூட இப்படி எழுதக் கூடாது என்றுதான் செய்தேன். சத்தியமாக அப்போது வேறு எண்ணம் இல்லை.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திக் கேட்டார்.

"லிஃப்ட் அறுந்து விழுந்தா பட்டனை அமுக்கினவனைப் போய்ப் பிடிப்பாங்களா? போய்ச் சொல்லிடு."

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க. பதினோரு வருஷத்துப் பிள்ளைங்க. ஒவ்வொரு சார்ட்டையும் தோண்டுவாங்க. இந்த ஊர் ஆஸ்பத்திரிலயெல்லாம் என் பேரைச் சொல்லிக் காறித் துப்புவாங்க."

"அந்தப் பொண்ணு?"

"சும்மா இருங்க. சாப்பாட்டைப் பாருங்க," என்று சீறினேன். அவர் சாப்பாட்டைப் பார்த்தார்.

வியாழக்கிழமை விசாரணை, கல்லூரிக் குழு கூடுகிற நீள அறையில். யாரும் பேசாத மைக் ஒன்று, மூடி போட்ட தண்ணீர் டம்ளர்கள், கிறீச்சிடும் மின்விசிறி. நடுவில் முதல்வர், ஒரு பக்கம் பெரிய சிஸ்டர், இன்னொரு பக்கம் வெளியூரிலிருந்து வந்த சர்ஜன் ஒருவர். எதிரே கணக்குப்புலி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாசல் பெஞ்சில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். கழுவியும் போகாத கறுப்பு நகங்கள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "உங்களைப் பத்தித்தான் மேடம் எப்பவும் பேசுவா. நீங்க இருக்கீங்கன்னு தைரியமா இருக்கோம்," என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

செத்துப்போனவளின் அக்காவும் வந்திருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், வாட்டசாட்டமான பெண். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"சார், எனக்கு உங்க மருந்துக் கணக்கெல்லாம் தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் தங்கச்சிய வேன்லருந்து வார்டு வரைக்கும் நான் ஒத்தை ஆளாத் தூக்கிட்டு வந்தேன். எழுபது கிலோன்னா என்னால தூக்க முடியுமா? யாரை ஏமாத்த அந்த நம்பரை எழுதினீங்க?"

கணக்குப்புலி அவளைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். முதல்வரைப் பார்க்கவில்லை.

"யாரையும் ஏமாத்தலக்கா. அன்னிக்கு எட்டு பேர் சார்ட்டைக் கவுன்ட்டர்ல உக்காந்து வரிசையா புதுசா எழுதினேன். உங்க தங்கச்சிய அதுக்கு முன்னாடி கட்டில்ல பார்த்திருக்கேன். ஒல்லியா இருந்தாங்கன்னு தெரியும். ஏன் எழுபதுன்னு எழுதினேன்னு எனக்கே தெரியல. யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். எழுதினதே ஞாபகம் இல்ல."

"கை தானா எழுதிடுச்சா?" என்றார் சர்ஜன்.

"ஆமா சார்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு அது கேவலமான சால்ஜாப்பாகப் பட்டிருக்கும். கை தானாகத்தான் எழுதும் ஐயா, தானாக எழுத வேண்டும் என்றுதானே வருஷம் முழுக்க எழுத வைக்கிறோம். அது நான் பழக்கிய கை.

முதல்வர் என்னைப் பார்த்தார். "மருந்து எழுதுறதுக்கு முன்னாடி எடை பார்க்கணும்னு வகுப்புல சொல்லிக்கொடுத்திருக்கீங்களா?"

"சொல்லிக்கொடுத்திருக்கேன். நாப்பத்திரண்டாவது ஸ்லைடுல இருக்கு."

இருக்கிறது. அறுபது ஸ்லைடில் ஒரு ஸ்லைடு, அதில் ஒரு வரி.

"பயிற்சித் தாள்ல?" என்று கேட்டார் சர்ஜன். "அதுல எடை வருதா?"

கேள்வி என் காலடியில் வந்து நின்றது. ஒரே ஒரு வாக்கியம் போதும். கணக்குப்புலி என்னை நிமிர்ந்து பார்த்தாள், வகுப்பில் பார்க்கிற அதே நம்பிக்கையோடு.

"எடைக்குன்னு ஒரு கட்டம் இருக்கு சார்," என்றேன்.

அதுவும் உண்மைதான். பொய் சொல்லாமலே பொய் சொல்வதற்கு இத்தனை வருஷப் படிப்பு எனக்கு உதவியது. பெரிய சிஸ்டர் குறித்துக்கொண்டார். எல்லாரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

வெளியே தண்ணீர்க் குழாய் அருகே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னிடம் வந்தாள். அவள் பையைப் பிடித்துக்கொண்டு அப்பா இரண்டடி தள்ளி நின்றார்.

"வந்ததுக்கு தேங்க்ஸ் மேடம்."

"ம்."

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? எனக்கு மூளையில ஏதாவது கோளாறா? முப்பதுன்னு எழுதல, அறுபதுன்னு எழுதல. அதெப்படி எழுபது? ராத்திரி பகலா அதேதான் ஓடுது. நானே என்னைப் பொய்க்காரின்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன்."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே கேட்டபோது திறக்காத வாய் இங்கே திறந்துகொண்டது. தாளில் எழுபது அச்சடித்திருந்ததைச் சொன்னேன். ஏன் அச்சடித்தேன் என்பதைச் சொன்னேன். ஆவண அறையில் பார்த்த பத்தொன்பது சார்ட்டுகளையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. முதலில் ஒரு நிம்மதி, சந்தோஷம் என்றே சொல்லலாம். அப்புறம் அது போய்விட்டது.

"இப்பதானே மேடம் உள்ள கேட்டாங்க?"

"ஆமா."

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"வாங்க மேடம். இன்னும் முடிவு எழுதல. இப்பவே போய்ச் சொல்லிடலாம். அந்த அக்காவும் இங்கதான் இருக்காங்க, அவங்களுக்கும் தெரியட்டும். வாங்க."

"நீ முன்னாடி போ," என்றேன். "தண்ணி குடிச்சுட்டு வரேன்."

அவள் போய்க் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது, அந்த அக்காவையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனாள், மூடிக்கொண்டது. நான் டம்ளரில் தண்ணீர் பிடித்தேன், குடித்தேன். அவள் அப்பா என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க போகலையா மேடம்?"

"இதோ," என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினேன். வெட்கங்கெட்டவள். எந்தப் படியிலும் நிற்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து முதல்வரின் பியூன் என் அறைக்கு வந்தான். "மேடம், உங்க பயிற்சித் தாள் ஒண்ணு கேட்டாங்க. அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுதாம், பார்க்கணுமாம்."

மேசையில் புதுத் தாள்கள் அடுக்கி இருந்தன. பழையது ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டரில் போன வருஷத்துப் பிரதி இருந்தது, தேடி எடுக்க இரண்டு நிமிஷம் ஆகும். "கொஞ்சம் இரு" என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. பியூன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அடுக்கின் மேலே இருந்த தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். எடைக் கட்டம் பளிச்சென்று காலியாக இருந்தது.

அன்றைக்கே அவளோடு படித்த இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். தாளில் எடை அச்சாகி இருந்ததா என்று ஞாபகமில்லை என்று இருவரும் சொன்னார்களாம். பயந்து சொன்னார்களோ, நிஜமாகவே கவனித்ததில்லையோ. அப்படி யாரும் கவனிக்காமல் இருந்ததுதானே அந்த எழுபதின் லட்சணமே.

சாயங்காலம் முதல்வர் போன் செய்தார்.

"நல்லாப் படிக்கிற பொண்ணுன்னு சொன்னியே, கடைசில என்ன பண்ணினா தெரியுமா? தப்பை உன் தலையிலயே கட்டப் பார்த்தா. அதுவும் அந்த அக்கா முன்னாடியே. நீ வந்து சொல்லுவேன்னு வேற கதவையே பார்த்துட்டு நின்னா."

"அப்படியா," என்றேன்.

"நீ மனசுல வெச்சுக்காதே. சர்ஜனுக்கு அவ மேல இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அதோட போயிடுச்சு."

செவ்வாய்க்கிழமை வகுப்பில் புதுத் தாளைக் கொடுத்தேன். முன்வரிசைப் பையன் கையைத் தூக்கினான். "மேடம், எடை விட்டுப்போச்சு. பிரிண்ட் மிஸ்டேக்கா?" வகுப்பு சிரித்தது. எடையைக் கேட்காமல் இனி யாரும் பேனாவைத் தொடக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினேன். முப்பத்துநாலு கிலோவுக்கு எவ்வளவு பாராசிட்டமால், சொல், நீ சொல், நீ சொல் என்று ஒவ்வொருவனாக எழுப்பி நிறுத்தினேன். பின்வரிசையில் ஒரு பெண் பயந்து அழுதேவிட்டாள். எல்லாரும் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. வெளியே போகும்போது, "சொட்டு மேடத்துக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

புதன்கிழமை காலை பியூன் விசாரணை அறிக்கையைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தான். ஐந்து பக்கம். எடை பார்க்காமல் பொய்யான எடையைப் பதிவு செய்தார் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நான்காம் பக்கத்தில், 'தன் தவறை மறைக்க ஆசிரியர் மீது பழி சுமத்தினார். பயிற்சித் தாளைப் பார்த்ததில் எடைக் கட்டம் காலியாகவே உள்ளது' என்று எழுதி, அந்தத் தாளையும் சேர்த்துப் பின் அடித்திருந்தார்கள். ஐந்தாம் பக்கத்தில் அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கப் பரிந்துரை. அதற்குக் கீழே, மேற்கண்டவை உண்மை என்று சாட்சி உறுதி கூறுவதற்கு ஒரு கோடு போட்டிருந்தது.

இரண்டு தடவை படித்தேன். பேனாவைத் திறந்து, அந்தக் கோட்டின் மேல் என் கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடினேன்.

"எல்லாப் பக்கத்துலயும் வேணுமாம் மேடம்," என்றான் பியூன்.

மறுபடி பேனாவைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து போட்டுக்கொடுத்தேன்.